கணக்கு யார் கையில்? – கங்காணி காலம் முதல் இன்றைய தரகர் வரை

(ஹட்டனில் நடைபெற்ற தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகளுக்கான வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த வகுப்பில் வழக்கமாகச் சம்பளச் சபை பற்றிப் பேசுவோம், கொழுந்து நிறுவையில் நடக்கும் கழிவு பற்றிப் பேசுவோம், சேமலாப நிதி பற்றிப் பேசுவோம். இன்று ஆள் பிடிக்கும் தரகர் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இது பழைய கதை போலத் தோன்றும். ஆனால் இங்கே உட்கார்ந்திருக்கும் தலைவிகளைக் கேட்கிறேன்: உங்கள் லயத்தில் வெளிநாடு போகாத வீடு எத்தனை? போனவர்களில் தரகர் இல்லாமல் போனவர் எத்தனை பேர்? போன பிறகு சொன்ன சம்பளம் கிடைத்தவர் எத்தனை பேர்? கணக்கெடுத்தால் இது பழைய கதை இல்லை என்பது விளங்கும்.

முதலில் நாம் எப்படி இங்கே வந்தோம் என்று பார்ப்போம். 1823இல் கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியில் முதல் கோப்பித் தோட்டம் திறக்கப்பட்டது. அன்றிலிருந்து காடு வெட்டவும் கோப்பி பறிக்கவும் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். திருச்சி, தஞ்சாவூர், மதுரை, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்கள். மழை பொய்த்த காலம், அரிசி விலை ஏறிய காலம், மேல்சாதிக்காரரின் நிலத்தில் அடிமைபோல உழைத்த காலம். அப்படிப்பட்ட ஊருக்குள் ஒருநாள் ஒருவர் நல்ல வேட்டி, தலைப்பாகை, காதில் கடுக்கனோடு வந்து இறங்குவார். கண்டிச் சீமை பற்றிச் சொல்வார். தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லி அழைத்து வந்தார்கள் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆனால் அதை நம்பி வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலும் வாந்திபேதியும் கண்டு பாதையிலேயே செத்தவர்கள் ஏராளம். அவர்களை நினைத்துத்தான் 2023 ஜூலையில் தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்டில் மாத்தளை வரை நம் மக்கள் மீண்டும் நடந்தார்கள்.

ஊருக்குள் வந்த அந்த ஆள் யார்? வெள்ளைக்காரத் துரை இல்லை, ஊர் தெரியாத அந்நியரும் இல்லை. பல நேரம் அதே ஊர், அதே சாதி, மாமன் மச்சான் முறை. அதனால்தான் நம்பினார்கள். கங்காணி முறையின் பலமே அந்த உறவுதான். துரை வந்து கூப்பிட்டிருந்தால் பயந்து ஓடியிருப்பார்கள். மாமா வந்து கூப்பிட்டார், மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

இப்போது பணம் எப்படிப் போனது என்று பாருங்கள். தோட்டம் பெரிய கங்காணிக்கு முன்பணம் கொடுக்கும். அவர் அதில் சில்லறைக் கங்காணிகளுக்குக் கொடுத்து ஊருக்கு அனுப்புவார். ஊரில் இருந்த கடனை அடைக்க, வழிச் சாப்பாட்டுக்கு, கப்பலுக்கு என்று அந்தப் பணம் செலவாகும். அவ்வளவும் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்படும். வாங்கியது எவ்வளவு, எழுதியது எவ்வளவு? எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அது எப்படித் தெரியும்? கணக்கு முழுவதும் கங்காணியின் புத்தகத்தில். தோட்டத்துக்கு வந்து சேரும்போதே மனிதர் கடன்காரர். ஒரு நாள் கூட மண்வெட்டி பிடிக்கவில்லை, ஒரு கொழுந்து கூடக் கிள்ளவில்லை, ஆனால் கடன் இருக்கிறது.

அதன் பிறகு கங்காணிக்குப் பல வழியில் வருமானம். தன் ஆட்களில் எத்தனை பேர் பிரட்டுக்கு வந்து வேலைக்கு இறங்குகிறார்களோ, அத்தனை தலைக்கும் நாளுக்கு இவ்வளவு என்று தோட்டம் அவருக்குத் தலைக்காசு கொடுத்தது. ஆகவே காய்ச்சல்காரரையும் பிள்ளை பெற்றவளையும் வேலைக்கு விரட்டுவதில் அவருக்கு ஆதாயம் இருந்தது. சம்பளம் பல இடங்களில் மாதக்கணக்கில் பிந்தியது. வந்த சம்பளமும் கங்காணியின் கை வழியாக வந்தது. அவர் கடனைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார். மிச்சம் இருந்தால்!

சரி, பிடிக்காவிட்டால் வேறு தோட்டத்துக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். அதற்குத்தான் 'துண்டு' இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு விலக வேண்டுமானால் துரை ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார். 'இந்தக் கங்காணியையும் இவருடைய இத்தனை ஆட்களையும், இத்தனை ரூபாக் கடனைக் கட்டினால் விடுவிக்கிறேன்' என்பதுதான் அதன் சாரம். அந்தத் துண்டைக் கங்காணி இன்னொரு தோட்டத்துக்குக் கொண்டுபோவார். புதிய துரை பழைய கடனைக் கட்டுவார். அதற்கு மேலும் கங்காணிக்குக் கொடுப்பார். அந்தக் கூடுதல் பணமும் ஆட்களின் தலையில் ஏறும். ஆட்கள் தோட்டம் மாற மாறக் கடன் வளர்ந்தது. மாட்டுச் சந்தையில் மாடு கைமாறும்போது மாட்டுக்கு விலை தெரியாது. நம் பூட்டனுக்கும் தெரியாது.

பிறகு தகர டிக்கட் வந்தது. தோட்டத்தின் எண் பொறித்த ஒரு தகர வில்லை. அதைக் காட்டினால் வழியில் சாப்பாடு, பயணம் எல்லாம் நடக்கும். மண்டபம் முகாமில் தடுத்து வைத்துச் சோதித்து, தலைமன்னார் வழியாக அனுப்புவார்கள். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செலவுக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கும் நம் கையில் இல்லை.

தோழர்களே, இது நமக்கு மட்டும் நடந்ததா? இல்லை. நம் ஆட்கள் மன்னாரில் இறங்கி நடந்த அதே காலத்தில் தென் சீனாவிலும் இதே வேலை நடந்தது. 1847 முதல் 1874 வரை ஏறத்தாழ ஒன்றேகால் இலட்சம் சீனர்கள் கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். பெரு நாட்டுக்கும் பல பத்தாயிரம் பேர். எட்டு வருட ஒப்பந்தம், மாதம் நான்கு பெசோ சம்பளம். தரகருக்கோ பிடித்துக்கொடுக்கும் தலைக்கு இவ்வளவு என்று காசு. வேலை தருகிறேன் என்றார்கள், வேறு ஊர்ப் பெயர் சொன்னார்கள், சூதாட வைத்துக் கடன்காரராக்கினார்கள், நேரடியாகவே கடத்தினார்கள். மக்காவோவில் கொட்டடிகளில் அடைத்து வைத்துக் கப்பலேற்றினார்கள். சீன மக்கள் அதற்கு வைத்த பெயர் 'பன்றிக்குட்டி வியாபாரம்'.

அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 1874இல் சீன அரசாங்கம் சென் லான்பின் என்ற அதிகாரியின் தலைமையில் ஒரு குழுவைக் கியூபாவுக்கு அனுப்பியது. அந்தக் குழு தோட்டம் தோட்டமாக, சிறை சிறையாகப் போய்த் தொழிலாளரிடமே கேட்டது. 1176 பேர் வாய்மொழி சொன்னார்கள், அதை எழுதிக்கொண்டார்கள். 85 மனுக்கள் வந்தன, அவற்றில் 1665 பேர் பெயர் போட்டிருந்தார்கள். பத்தில் எட்டுப் பேர் தாங்கள் கடத்தப்பட்டவர்கள் அல்லது ஏமாற்றப்பட்டவர்கள் என்று சொன்னார்கள். அதுவரை தோட்டக்காரர்கள் 'எல்லோரும் விரும்பி வந்தவர்கள், ஒப்பந்தத்தில் கைநாட்டு இருக்கிறது பாருங்கள்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். தொழிலாளியின் சொல் எழுத்தில் வந்ததும் அந்தப் பேச்சு எடுபடவில்லை. 1877இல் சீனாவும் ஸ்பெயினும் செய்த உடன்படிக்கை பழைய ஒப்பந்தக் கூலி முறைக்கு முடிவு கட்டியது.

நம் நாட்டிலும் துண்டு தானாக ஒழியவில்லை. சேர் பொன்னம்பலம் அருணாசலம், பெரி சுந்தரம் போன்றவர்கள் 1919இல் தொழிலாளர் நலச் சங்கம் அமைத்துக் குரல் கொடுத்தார்கள். இந்தியாவிலிருந்தும் நெருக்குதல் வந்தது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தால் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. 1922இல் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. அதற்கடுத்த ஆண்டிலிருந்து, ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளியிடம் அறவிடக் கூடாது, அதைத் தோட்டக்காரர்கள் சேர்ந்து போடும் நிதியிலிருந்தே எடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. 1931இல் கோ. நடேசய்யர் இதே மண்ணில் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தார். அவரும் மீனாட்சியம்மாளும் பேசியும் எழுதியும் பாடியும் துரையை மட்டுமல்ல, கங்காணியையும் எதிர்த்தார்கள்.

அந்த 1923 ஏற்பாட்டை மறந்துவிடாதீர்கள். ஆள் வேண்டும் என்பவர்தான் ஆள் சேர்க்கும் செலவைத் தாங்க வேண்டும். உழைக்க வருபவர் கடனோடு வரக் கூடாது. நூறு வருடத்துக்கு முன்பே சட்டத்தில் ஏறிய நியாயம் இது. இன்று அது எங்கே போனது?

இன்றைய தரகருக்கு வருவோம். உப முகவர் என்று சொல்கிறார்கள். இவரும் அந்நியர் இல்லை. பக்கத்துத் தோட்டம், திருவிழாவுக்கு வருவார், கரகம் பாலிக்கும்போது முன்னால் நிற்பார். நம் பிள்ளைகள் அவரை அண்ணா என்பார்கள், மாமா என்பார்கள். லயத்து வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே, 'அக்கா, நீங்கள் ஒரு சதம் செலவழிக்க வேண்டாம், கையில் மூன்று இலட்சம் தருகிறேன்' என்பார். சுகமில்லாத பிள்ளை, ஒழுகுகிற கூரை, நகைக்கடையில் அடகு. மூன்று இலட்சத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் மனம் இளகாது?

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? அந்த நாட்டில் வீட்டு வேலைக்கு ஆள் கேட்கும் குடும்பம் அங்குள்ள முகவருக்குப் பணம் கட்டுகிறது. அவர் இங்குள்ள முகவர் நிலையத்துக்கு அனுப்புகிறார். நிலையம் உப முகவருக்கு ஒரு பங்கு கொடுக்கிறது, போகிற பெண்ணுக்கு ஒரு பங்கு கொடுக்கிறது. ஆகவே அந்த மூன்று இலட்சம் தரகரின் தயவு அல்ல. உங்கள் தலைக்கு அங்கே ஒருவர் கட்டிய விலையில் ஒரு துண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தங்கச்சிக்கு மூன்று இலட்சம் என்று பேச்சு. மருத்துவச் சோதனைக்கு, கடவுச்சீட்டுக்கு, 'என் அலைச்சலுக்கு' என்று தரகர் எழுபதாயிரம் கழிக்கிறார். கையில் கிடைப்பது இரண்டு இலட்சத்து முப்பதாயிரம். அது அடகு மீட்கவும் கடைக் கடனுக்கும் போய்விடுகிறது. ஐந்தாம் மாதம் போன் வருகிறது. அடிக்கிறார்கள், சாப்பாடு இல்லை, சம்பளம் தரவில்லை, என்னைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று அழுகிறாள். கணவன் தரகரிடம் ஓடுகிறான். தரகர் என்ன சொல்வார்? 'இரண்டு வருடம் முடியவில்லையே தம்பி. கம்பனி செலவழித்த காசைக் கட்டினால் கூப்பிடலாம்.' எவ்வளவு? மூன்று இலட்சம் மட்டுமா, டிக்கட்டும் சேர்த்தா, அதற்கு மேலுமா? எழுத்தில் ஒன்றும் இல்லை. அவர் வாயில் வருவதுதான் தொகை.

தோழர்களே, இத்தனை ரூபாக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று சொன்னது எது? துண்டு. 1921இல் சட்டத்தில் செத்த துண்டு, இன்று தரகரின் வாயில் உயிரோடு இருக்கிறது.

காகிதம் அவர்கள் கையில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மூதூர் றிசானா நபீக்கை நினைத்துப் பாருங்கள். 1988இல் பிறந்த பிள்ளை. 2005இல் சவூதிக்குப் போகும்போது வயது 17. கடவுச்சீட்டில் பிறந்த ஆண்டு 1982 என்று இருந்தது. பாத்திரம் கழுவப் போன அந்தப் பிள்ளையின் பொறுப்பில் ஒரு கைக்குழந்தையை விட்டார்கள். குழந்தை இறந்தது, கொலைக் குற்றம் சாட்டினார்கள். குற்றம் நடந்ததாகச் சொல்லப்பட்ட நேரத்தில் அவள் சிறுமி என்று எவ்வளவோ வாதாடியும், கடவுச்சீட்டில் இருந்த வயதுதான் அவளுக்கு எதிராக நின்றது. 2013 ஜனவரி 9ஆம் திகதி தலை வெட்டப்பட்டது. தரகு வியாபாரத்தில் மாற்றப்பட்ட ஒரு பிறந்த திகதி, அவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டது.

வெளிநாடு மட்டும் இல்லை. 2021 ஜூலையில் நம் டயகமத்துச் சிறுமி ஒருத்தி, 16 வயது, வேலை செய்த கொழும்பு வீட்டில் தீக்காயம் பட்டு மருத்துவமனையில் உயிரிழந்தாள். மலையகமே கொதித்தது. அந்த வழக்கில் கைதானவர்களில் அவளை அங்கே சேர்த்துவிட்ட தரகரும் ஒருவர். 2022இல் ஓமான் விவகாரம் வெளியே வந்தது. சுற்றுலா விசாவில் அழைத்துச் செல்லப்பட்ட பெண்கள் அங்கே விற்கப்பட்டதாக முறைப்பாடு எழுந்து, தூதரக அதிகாரி ஒருவரே கைது செய்யப்பட்டார். சுற்றுலா விசாவில் போனால் நீங்கள் அந்த நாட்டின் சட்டத்தில் தொழிலாளி இல்லை, விருந்தாளி. நம் பணியகத்தின் பதிவும் இல்லை, காப்புறுதியும் இல்லை.

இவ்வளவும் சொன்னதால், போகாதீர்கள் என்று சங்கம் சொல்கிறது என்று நினைக்க வேண்டாம். தோட்டச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடிந்தால் எந்தத் தாய் கைப்பிள்ளையை விட்டுவிட்டு விமானம் ஏறுவாள்? சம்பளப் போராட்டத்தை நாம் விடப்போவதில்லை. ஆனால் சம்பளம் உயரும் வரை காத்திருக்க முடியாதவர்கள் போய்க்கொண்டுதான் இருப்பார்கள். போகிறவர் கண்ணைத் திறந்துகொண்டு, கையில் காகிதத்தோடு போக வேண்டும்.

கங்காணி புத்தகத்தை வைத்துக்கொண்டார், நம் முன்னோருக்கு எழுத்துத் தெரியாது. இன்று ஒவ்வொரு லயத்திலும் ஓ.எல். படித்த பிள்ளை இருக்கிறது, கையில் போன் இருக்கிறது. ஆகவே தோட்டக் கமிட்டிகள் இந்த மாதத்திலிருந்தே சில வேலைகளைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று: தரகர் வந்தால் முதல் கேள்வி, எந்த முகவர் நிலையம், அனுமதிப்பத்திர இலக்கம் என்ன என்பதுதான். அந்த இலக்கத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேட்டுச் சரிபாருங்கள். 1989 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். இலக்கம் சொல்லத் தயங்கும் ஆளோடு பேச்சு அங்கேயே முடியட்டும்.

இரண்டு: முன்பணம் வாங்கினால் தொகை, திகதி, கழித்த காசு, யார் கொடுத்தது, இரண்டு வருடத்துக்கு முன் திரும்பினால் என்ன என்பதை எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால், இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு நாமே எழுதி வைப்போம். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்து வைக்காதீர்கள்.

மூன்று: கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம் மூன்றையும் போனில் படம் பிடித்து வீட்டாரிடமும் மாதர் சங்கத் தலைவியிடமும் கொடுத்துவிட்டுப் போங்கள். கடவுச்சீட்டில் பெயரும் பிறந்த திகதியும் பிறப்புச் சான்றிதழோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். விசா சுற்றுலா விசாவா, வேலை விசாவா என்று படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

நான்கு: பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளையைக் கொழும்புக்கு வேலைக்கு அனுப்புகிறேன் என்று யாராவது வந்தால் தலைவருக்குச் சொல்லுங்கள். 1929 சிறுவர் உதவி இலக்கம்.

ஐந்து: ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு கொப்பி. யார் போனார், எந்த நாட்டுக்கு, எந்த நிலையம், எந்தத் தரகர், பேசிய சம்பளம், கிடைத்த சம்பளம், திரும்பிய திகதி. தலைவி எழுதட்டும், பிள்ளைகள் உதவட்டும். மூன்று தோட்டத்துக் கொப்பியில் ஒரே தரகரின் பெயர் வந்தால், அது ஒரு வீட்டின் அழுகையாக நிற்காது, வழக்காகும். ஏமாற்றியும் கட்டாயப்படுத்தியும் ஆளைக் கொண்டுபோய்ச் சுரண்டுவது நம் தண்டனைச் சட்டக் கோவையின் 360இ பிரிவில் ஆட்கடத்தல், 2006இலிருந்து அதற்கு இருபது வருடம் வரை சிறை. சட்டம் இருக்கிறது. சாட்சியோடும் காகிதத்தோடும் பொலிஸ் நிலையத்துக்குப் போகிற தொழிலாளிதான் குறைவு. அப்படிப் போகும்போது தனியாகப் போக வேண்டாம், சங்கத்தின் மாவட்டப் பிரதிநிதி கூட வருவார்.

கடைசியாக ஒன்று. சில தோட்டங்களில் தரகு வேலை பார்ப்பவர் நம் சங்க உறுப்பினராகவே இருக்கலாம். உறவினராக இருக்கலாம். முகம் முறிக்க வேண்டுமே என்று தயங்குவோம். கங்காணி முறை நூறு வருடத்துக்கு மேல் நிலைத்ததற்கு இந்தத் தயக்கமும் ஒரு காரணம். அவரை அடிக்கவோ ஒதுக்கவோ சொல்லவில்லை. கமிட்டிக்கு அழைத்து, கொப்பியைத் திறந்து வைத்து, கேட்க வேண்டியதை எல்லோர் முன்னிலையிலும் கேளுங்கள். நேர்மையாக நடப்பவர் பதில் சொல்வார்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வொரு தலைவியும் அந்தக் கொப்பியோடு வாருங்கள். முதல் பக்கமாவது எழுதியிருக்க வேண்டும்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!